உயிரோடிருக்கும் கவர்னருக்கு ஓர் ஒப்பாரி

டன்மோரா மாளிகை,
மேயோ, அயர்லாந்து.
1837 நவம்பர் 9, வியாழன்.

அன்பு மகன் யூலிக்குக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை லெட்டியும் என் முழங்கால் வலியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் கரோலினும் அதே மாதிரி சுகமாக இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டுக்கொள்கிறேன், வலியை மட்டும் விட்டுவிட்டு. உன் கடிதம் திங்கட்கிழமை காலையில் வந்தது. அன்றைக்கே பதிலும் எழுதிவிட்டேன், அதை மறுநாள் நானே அடுப்பில் போட்டேன், ஏன் போட்டேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். பதினைந்தாம் தேதிக் கப்பலைப் பிடித்தால்தான் ஜனவரியில் உன் சபை கூடுவதற்கு முன் இது உன் கைக்கு வருமாம், நம் பட்லர் டெம்ப்சி விரல் விட்டு எண்ணிச் சொன்னான். சுருக்கமாகச் சொல்ல எனக்கு என்றைக்கும் வந்ததில்லை, பொறுமையாகப் படி.

முதலில் வீட்டு விவரம். மேற்குக் கூரை இந்த மழைக்கும் ஒழுகுகிறது. சுவரில் ஈரம் இறங்கி உன் அப்பாவின் படத்தில் மூக்கு மட்டும் பச்சையாகிவிட்டது, துடை என்றால் டெம்ப்சி பெரிய துரை மூக்கில் கை வைக்க மாட்டேன் என்கிறான். உருளைக்கிழங்கு இந்த வருடம் நன்றாக விளைந்திருக்கிறது, குடியானவர்கள் முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிகிறது. உன் கிழட்டு நாய் இன்னும் இருக்கிறது, நீ விட்டுப்போன பூட்ஸின் மேல்தான் தூங்குகிறது, அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. நீ அங்கே உச்சி வெயிலில் வெறும் தலையோடு குதிரை ஏறுவதாகக் கரோலின் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். கவர்னர் ஆனாலும் மண்டை மண்டைதான், தொப்பி போட்டுக்கொள். ஜுரம் வந்தால் பட்டைக் கஷாயத்தைக் கசக்கிறது என்று துப்பாமல் குடி.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ ஆளுகிற கரும்புத் தீவில் அடிமை முறையை ஒழித்து மூன்று வருடம் ஆகியும், பயிற்சிக்காலம் என்று ஒரு நல்ல பெயரைச் சூட்டி அந்த ஜனங்களைப் பழைய எசமான்களிடமே கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதில் வேலைக்குப் பிந்திவரும் பெண்களையும் சாட்டையால் அடிக்கலாம் என்று தோட்ட முதலாளிகளின் சபை ஒரு சட்டம் எழுதி உன் முன்னால் வைத்திருக்கிறது. நீ இரண்டு தடவை கையெழுத்துப் போட மறுத்துவிட்டாய். மூன்றாவது தடவையும் மறுத்தால் மூட்டையைக் கட்டு என்று லண்டன் மந்திரி சொல்லிவிட்டார். "அம்மா, போடட்டுமா, விட்டுவிட்டு வரட்டுமா? நான் பதவி பறிபோய் வந்தால் குடும்பத்தின் பெயரும் லெட்டியின் கல்யாணமும் அடிபடும், இங்கே நம் தோட்டம் வேறு உங்கள் பெயரில் இருக்கிறது, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தாய். நாற்பத்து நாலு வயதில், ஒரு தீவையே ஆளுகிறவன், என்னைக் கேட்கிறாய். படித்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழுதிய பதிலில் கர்வப்பட ஒன்றும் இல்லை. போட்டுவிடு என்று எழுதினேன். லெட்டிக்கு முப்பத்து மூன்று வயது. பக்கத்து எஸ்டேட் சர் மேத்யூ மனைவியை இழந்தவர், கௌரவமான மனிதர். அவருடைய தம்பிக்கு உன் தீவில் மூன்று தோட்டம் இருக்கிறது. யூலிக் கையெழுத்துப் போட்டால் ஈஸ்டரில் நிச்சயம், போடாவிட்டால் இல்லை என்று போன வாரம் என் டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நம் தோட்டமும் என் அப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. அதன் சர்க்கரையைத்தான் நீங்கள் இருவரும் கஞ்சியில் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தீர்கள். ஊரோடு ஒத்துப்போ, மகனே என்று நாலு பக்கம் எழுதி ஒட்டித் தபாலுக்காக முன்கூடத்து மேசையில் வைத்தேன்.

அதே திங்கட்கிழமை டப்ளின் பத்திரிகையும் வந்து சேர்ந்தது. உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று முதலாளிகள் மகாராணிக்கு மனு அனுப்பியிருக்கிறார்களாம், உன்னைப் போல் ஒரு வைக்கோல் பொம்மை செய்து சந்தையில் கொளுத்தினார்களாம். பொம்மைக்கு வயிற்றை வேறு பெரிதாக வைத்தார்களாம். எனக்கு அவமானம் தாங்கவில்லை. மறுநாள் சர் மேத்யூ வருவதாக இருந்தார், அவர் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது. எனக்குத் தலைவலி, யார் வந்தாலும் இல்லை என்று சொல் என்று டெம்ப்சியிடம் சொல்லிவிட்டு, முன்பக்கத்துச் சன்னல்கள் பதினாலுக்கும் திரையை இறக்கச் சொன்னேன். இந்த ஊரில் நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பெரிய வீட்டில் பட்டப்பகலில் சன்னல் மூடினால் உள்ளே பிணம் கிடக்கிறது என்று அர்த்தம். அது எனக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று. அது போதாதென்று உன் கடிதம் சாவுச் சேதிக்கு வைக்கிற கறுப்பு அரக்கு முத்திரையோடு வந்திருந்தது. ராஜா இறந்த துக்கத்துக்கு உன் காரியதரிசி எல்லாக் கடிதத்துக்கும் அதையே வைக்கிறார் என்பது உள்ளே படித்த எனக்குத் தெரியும். தபால் ஆபீஸ் கில்ராய் அம்மாளுக்கு எப்படித் தெரியும்? தீவிலிருந்து கறுப்பு அரக்கோடு ஒரு கடிதம், அன்று மத்தியானமே மாளிகைச் சன்னல் எல்லாம் மூடல். அவள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள், உன் கதையை முடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். டெம்ப்சி வந்து கதவோரம் நின்று, "அம்மா, ஒப்பாரிக்காரிங்க வந்திருக்காங்க" என்றான். யார் செத்தது என்று கேட்டேன். "கேக்கலீங்க. நம்ம வீட்டு ஆளுன்னுதான் சொல்றாங்க. நானும் இல்ல, நீங்களும் இல்ல, லெட்டியம்மா இப்பதான் முட்டை சாப்பிட்டாங்க. வேற யாருன்னு தெரியலீங்க" என்றான். திரை ஓரமாகப் பார்த்தேன். மரச்சாலை நெடுக ஆட்கள். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்கள் சிவப்புப் பாவாடையும் போர்வையுமாக, நூறு பேருக்குக் குறையாது. முன்னால் நாலு பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஏரிக்கரை ஊனா கானலி. இந்த வாசலில் ஒப்பாரி கூடாது, கிறிஸ்தவ முறைப்படி அமைதியாக அடக்கம் செய்வோம் என்று உன் அப்பா சாவுக்குக்கூட நான் அவர்களைத் திருப்பி அனுப்பியவள். இப்போதும் கோபமாகத்தான் முன்கூடத்துக்கு இறங்கினேன். யாரும் சாகாத வீட்டில் இது என்ன கூத்து என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள், ஊனா உன் பெயரைச் சொல்லிவிட்டாள். மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்றேன். உன் அம்மா, டன்மோரா சீமாட்டி, தன் வீட்டிலேயே திருடியைப் போல ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றி அவன் செத்த பிறகு ஊர் என்ன சொல்லும் என்பதைக் கேட்கிற வாய்ப்பு எந்தத் தாய்க்குக் கிடைக்கும், சொல்.

எனக்கு ஐரிஷ் தெரியாது என்றுதான் இந்த ஊர் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது. நீ குழந்தையாக உன் செவிலியிடம் பேசியதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வந்துவிட்டது, காட்டிக்கொண்டதில்லை. ஊனா உன்னை நீ வா போ என்றுதான் கூப்பிட்டாள், ஒப்பாரியில் துரையும் குடியானவனும் கிடையாது. "யூலிக்கு, என் ராசா, அந்தப் பாழாப்போன வெயில்ல உனக்கு ஒரு வாய் மோர் குடுக்க ஆளிருந்துச்சா? உன் நெத்திய யாரு தொடச்சா? எங்க ஊரு மழையெல்லாம் உனக்கு அனுப்பியிருப்பமே, நீ கேட்டிருந்தா!" என்று தொடங்கினாள். மற்ற மூன்று பேரும் அவள் பின்னாலேயே குரல் எடுத்தார்கள். நீ உயிரோடிருக்கிறாய், உன் கடிதம் என் பாவாடைப் பையில் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதை வந்தது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? "இருவது வயசுடா உனக்கு. எருவுக்குக் கடல்பாசி ஒரு கூடை அள்ளுனதுக்கு எம் புருசனக் கரையில கட்டி வெச்சு மாளிகை ஏஜெண்டு பிரிக்ஸு சாட்டையத் தூக்குனான். எங்கேருந்தோ குதிரையில வந்த, குதிச்ச, நடுவுல நின்ன. மொத அடி உம் முதுகுல விழுந்துச்சு. ரெண்டாவது அடிக்குச் சாட்டையப் புடுங்கி கடல்ல வீசுன. வீசத் தெரிஞ்சுதா உனக்கு! துரை வீட்டுப் புள்ள, நாலு முழம்கூடப் போகல. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கோம், நீ இடுப்புத் தண்ணியில எறங்கி, அதத் தேடி எடுத்து, இன்னொரு தடவ வீசுன" என்று அவள் சொன்னபோது, நம்புவாயா, அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதது. நானும் படிக்குப் பின்னால் சிரித்தேன். படகு கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஈரத்தோடு வந்தாயே, அந்த நாள். மூன்று நாள் குப்புறப் படுத்திருந்தாய். சளி என்று நினைத்து உனக்குக் கடுகுப் பற்று போட வந்தேன். முதுகைக் காட்ட மாட்டேன் என்று என் கையைத் தட்டிவிட்டாய். பிடிவாதம் பிடித்த பிள்ளை என்று திட்டிவிட்டுப் போனேன்.

ஒப்பாரியில் செத்தவனைப் புகழ்ந்தால் மட்டும் போதாது, வீட்டாரையும் நாலு கேள்வி கேட்பார்கள். அப்போது என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது இங்கே பழக்கம். ஊனாவின் கேள்வி என் பக்கம் திரும்பியது. நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. "உன்னப் பெத்தவ அன்னிக்கு எங்கடா இருந்தா? மாடியில பியானோ வாசிச்சுக்கிட்டு இருந்தா, கரை வரைக்கும் கேட்டுச்சு. பாசி அள்ளுனா பன்னெண்டு அடின்னு ஒரு தாள் காட்டுனானே பிரிக்ஸு, அதுல கையெழுத்து யாருது? பெரிய துரை அப்ப லண்டன்ல இருந்தாரு!" என்றாள். கையெழுத்து என்னுடையதுதான், யூலிக். பிரிக்ஸ் மாதாமாதம் ஒரு கட்டுத் தாள் கொண்டுவருவான், டீ ஆறிவிடும் என்று படிக்காமல் போட்டுக் கொடுப்பேன். முதல் அடி உன் முதுகில் விழுந்தது என் கையெழுத்தால்தான். இருபத்து நாலு வருடமாக அது உனக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு மேல் ஒளிந்து நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

நிறுத்து, ஊனா, அவன் சாகவில்லை என்று ஐரிஷிலேயே சொன்னேன். நீ பிழைத்திருக்கிறாய் என்பதைவிட எனக்கு அவர்கள் பேச்சு தெரியும் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. பின்வரிசையில் ஒருத்தி, "ஐயையோ, அப்ப இத்தன வருசமா நாம பேசுனதெல்லாம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஊனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரோட இருக்குறவருக்கா தொண்ட கிழிய அழுதேன்? ரெண்டு மைல் நடந்து வந்தேன் துரைசாணி, வயித்துல ஒரு கெழங்குதான் இருக்கு" என்றாள். கறுப்பு அரக்கைப் பற்றிக் கேட்டார்கள், ராஜா இறந்த துக்கம் என்றேன். "எந்த ராசா?" என்றாள். நம் ராஜாதான், ஜூன் மாதம் என்றேன். "ஓ, அவரா" என்று சொல்லிவிட்டு முடியைக் கட்டிக்கொண்டாள். டெம்ப்சியை எல்லாருக்கும் விஸ்கி ஊற்றச் சொன்னேன். அப்போது ஊனா, "சின்னத் துரைக்கு அங்க என்னதான் பிரச்சினை? பத்திரிகையில ஏதோ கொளுத்துனாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டாள். சொன்னேன். பெண்களைச் சாட்டையால் அடிக்க ஒரு சட்டம் வந்திருக்கிறது, அவன் மறுத்து நிற்கிறான், அதனால் அவனை அவமானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றேன். சொல்லும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது, யாருக்கோ மார்தட்டிக் காட்டுகிறவள் மாதிரி. "இவ்வளவுதானா? அதுக்கு எதுக்கும்மா சன்னல மூடுனீங்க?" என்றாள் ஊனா.

டெம்ப்சியைக் கூப்பிடாமல் நானே போய் ஒவ்வொரு திரையாக ஏற்றினேன், பதினாலும் முடிய முழங்கால் கழன்றே விட்டது. தபால் வண்டிக்காரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் ஒப்பாரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பையிலிருந்து என் கடிதத்தை வாங்கிக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். திங்கட்கிழமை அதில் ஒரு பத்தியை நான் தெரிந்தே தாண்டியிருந்தேன். தண்டனைக்கு அனுப்பும் வேலைக்கூடத்தில், சட்டம் வருவதற்கு முன்பே முதுகு கிழிந்து கிடந்த ஃபீபி என்ற பெண்ணிடம், உன்னை இங்கே அனுப்பியது யார் என்று நீ கேட்டதும், "உங்க அம்மா தோட்டந்தாங்கய்யா" என்று அவள் சொன்னதும் அந்தப் பத்தியில்தான் இருந்தது. நீ அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை, என்னைக் குறையும் சொல்லவில்லை. கரையில் நின்ற மாதிரியே நின்றிருக்கிறாய். உன்னை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று உன்னிடம் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நம் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. இப்போது சொல்கிறேன். நீ பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும், கவர்னராகப் பட்டயம் வாங்கியபோதும் வராத பெருமை, மகனே. சந்தையில் உன் பொம்மையைக் கொளுத்தினார்கள் என்று இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், லெட்டி என் காலை மிதிக்கிறாள்.

லெட்டியைப் பற்றி நீ கவலைப்படாதே. அவளைக் கூப்பிட்டு, உன் அண்ணன் கையெழுத்துப் போடப் போவதில்லை, உன் கல்யாணம் நின்றுவிடும், என்னை மன்னித்துவிடு என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, அந்த மனுசன் சூப் குடிக்கிற சத்தம் தோட்டம் வரைக்கும் கேக்குது. ஆறு மாசமா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன்" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சர் மேத்யூவுக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அவர் இனி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நம் பக்கம் திரும்ப மாட்டார். மற்றப் பெரிய வீட்டுக்காரர்களும் கொஞ்ச நாள் வரமாட்டார்கள், டீத்தூள் மிச்சம்.

நேற்று வக்கீலை வரவழைத்தேன். இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், விடுதலைப் பத்திரம். நம் தோட்டத்தில் இருக்கும் இருநூற்றுப் பதினொரு பேரும், ஃபீபி முதல் எல்லாரும், இந்தத் தாள் உன் கைக்கு வருகிற அன்றைக்கே பயிற்சிக்காலம் முடிந்தவர்கள், இனி இருப்பதும் போவதும் அவர்கள் இஷ்டம் என்று எழுதியிருக்கிறது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் படித்தேன், டீ ஆறிப்போயிற்று. வக்கீல் இரண்டு சாட்சி வேண்டும் என்றார். ஒன்று பாதிரியார். இன்னொன்றுக்கு ஊனாவை வரச் சொன்னேன், அவளுக்கு எழுதத் தெரியாது, சிலுவை கீறினாள். "சாட்சின்னா பின்னால யாராச்சும் வந்து என்னக் கேப்பாங்களா?" என்று கேட்டாள். கேட்கலாம் என்றார் வக்கீல். "கேட்டா சொல்றேன், துரைசாணி ரெண்டு தடவ படிச்சாங்க, அப்புறம் போட்டாங்கன்னு" என்றாள். ஃபீபியிடம் இதை நீயே நேரில் போய்ச் சொல். மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல். அவள் என்ன பதில் சொல்கிறாளோ, இனிப்புத் தடவாமல் அப்படியே எனக்கு எழுது.

பதவி போனால் போகட்டும். நீ வந்து இறங்கும்போது தலையைக் குனிந்துகொண்டு பக்கவாசலில் நுழைய நினைக்காதே, முன்வாசலில் நானே நிற்பேன். கரோலினுக்கு என் முத்தங்கள். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் தரட்டும், உன் முதுகை அவரே பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவர்கள் நீட்டுகிற தாளில் நீ கையெழுத்துப் போடாதே. இதில் நான் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றதில் பெருமைப்படும் அம்மா,
ஹானோரியா டன்மோரா